ஜிபிஅப்டேட் ஃபோர்ஸ் என்கிற திருநீறு

எந்த ஆபீஸுக்கு வேணா போய்ப் பாருங்க. "என் மெஷின்ல அப்டேட் வரலை"ன்னு ஒருத்தர் டிக்கெட் போட்டா, வர்ற முதல் பதில் ஒண்ணுதான்: "ஜிபிஅப்டேட் ஃபோர்ஸ் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க." அதுக்கும் சரியாகலைன்னா சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரை அழிக்கச் சொல்லுவாங்க. அதுக்கும் மசியலைன்னா டொமைன்ல இருந்து வெளிய எடுத்துத் திரும்ப உள்ள சேர்ப்பாங்க. கடைசியா ஃபார்மட். வயித்து வலின்னு வந்தாலும் திருநீறு, பேய் பிடிச்சுருக்குன்னு வந்தாலும் திருநீறு, பரீட்சைக்குப் போறேன்னு வந்தாலும் அதே திருநீறு.

திருநீறு பூசுறதுல ஒரு கெடுதலும் இல்லை. ஆனா இந்தத் திருநீறுல இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆணி புடுங்குற நேரத்துல இதை எழுத வேண்டியிருக்கேன்னு வருத்தம்தான், ஆனா எழுதலைன்னா தூக்கம் வராது போலிருக்கு :)

நான் சொல்ல வர்றதை முதல்லயே போட்டு உடைச்சுடுறேன். மத்தியில இருந்து ஒரு பாலிசி போட்டுட்டு, அது மெஷின்ல போய் உட்காந்துச்சான்னு பாக்காம இருக்குறது நிர்வாகம் இல்லை, வெறும் ஆசை. அந்த ஆசை நிறைவேறலைன்னா, காரணம் தேடாம ஃபோர்ஸ் போடுறது ரிப்பேர் இல்லை, தடயத்தை அழிக்கிற வேலை. இது ரெண்டுக்கும் திட்டு வாங்குறது யாரு? பாலிசியைக் கண்ணால பாக்கக்கூட உரிமையில்லாத டெஸ்க்டாப் சப்போர்ட் தம்பி.

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். தெரிஞ்சவங்க அடுத்த பத்தியை எகிறிக் குதிச்சுடலாம்.

ஒரு கம்பெனியில ஆயிரம் கம்ப்யூட்டர் இருக்குன்னா ஒவ்வொண்ணா போய் "இத்தனை மணிக்கு அப்டேட் பண்ணு"ன்னு சொல்ல முடியாது. அதுக்குத்தான் விண்டோஸ் 2000 காலத்துல இருந்தே குரூப் பாலிசின்னு ஒண்ணு இருக்கு. டொமைன் கன்ட்ரோலர்ல ஒரு தடவை எழுதிப் போட்டா எல்லா மெஷினும் எடுத்துக்கும். அப்டேட் ஃபைலுக்குன்னு கம்பெனிக்குள்ளயே ஒரு சர்வர் வைப்பாங்க. 2005-ல இருந்து அதுக்குப் பேர் டபிள்யூசஸ். எல்லா மெஷினும் தனித்தனியா மைக்ரோசாஃப்டுக்கு ஓடாம இங்க வந்து வாங்கிக்கும். எந்த அப்டேட் யாருக்குன்னு அட்மின் அங்க உக்காந்து ஒப்புதல் குடுப்பார்.

இதுல பலபேர் தப்பா நினைக்குற இடம் ஒண்ணு இருக்கு. சர்வர் எதையும் யார் தலையிலயும் திணிக்கிறதில்லை. மெஷின்தான் தானா வந்து கேக்கணும். ஸ்டார்ட் ஆகும்போது ஒரு தடவை கேக்கும். அப்புறம் 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை, கூடவே 0-ல இருந்து 30 நிமிஷம் வரைக்கும் ஏதோ ஒரு தாமதத்தோட கேக்கும். எல்லா மெஷினும் ஒரே நேரத்துல வந்து கதவைத் தட்டக் கூடாதுன்னு அந்தத் தாமதம். கேட்டு வாங்கினதை ரிஜிஸ்ட்ரியில எழுதி வைக்கும். அப்டேட் ஏஜென்ட் அந்த ரிஜிஸ்ட்ரியைப் படிச்சு, டபிள்யூசஸ் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு, அங்க போய் "எனக்கு என்ன இருக்கு?"ன்னு கேக்கும்.

ஆக, மூணு கை மாறுது. பாலிசி மெஷினுக்கு வரணும். மெஷின் ரிஜிஸ்ட்ரியில எழுதணும். ஏஜென்ட் அதைப் படிச்சு நடக்கணும். தலைமை ஆபீஸ்ல சுற்றறிக்கை போடுறாங்க, கிளை ஆபீஸ்ல அதை ஃபைல்ல கோக்குறாங்க, அதைப் பிரிச்சுப் படிச்சு யாரோ ஒருத்தர் வேலை செய்யுறார். வேலை நடக்கலைன்னா இந்த மூணுல எங்க அறுந்துச்சுன்னு பாக்கணுமா வேணாமா? நம்ம ஆளுங்க என்ன செய்யுறாங்க? சுற்றறிக்கையை இன்னும் நாலு காப்பி எடுத்து அனுப்புறாங்க. ஜிபிஅப்டேட் ஃபோர்ஸ்னா அம்புட்டுத்தான்.

இப்ப அந்த ஃபோர்ஸ் உண்மையில என்ன செய்யுதுன்னு பாப்போம். நிறையப் பேர் அதை "சீக்கிரமா வாங்கிக்கோ"ன்னு அர்த்தம் பண்ணிக்கிறாங்க. சீக்கிரம் வாங்க ஃபோர்ஸே தேவையில்லை, வெறும் ஜிபிஅப்டேட் போதும். சாதாரணமா பாலிசி புதுப்பிக்கும்போது, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் மாறாத பாலிசியை விண்டோஸ் தொடறதில்லை. "மாறலையே, எதுக்குத் திரும்ப எழுதணும்?"னு விட்டுடும். ஃபோர்ஸ் போட்டா மாறினது மாறாதது எல்லாத்தையும் மறுபடி எழுதும். வித்தியாசம் அதுதான்.

இதுக்குள்ள ஒரு சூட்சுமம் ஒளிஞ்சிருக்கு. பாலிசி எழுதின ஒரு ரிஜிஸ்ட்ரி மதிப்பை நடுவுல எதுவோ ஒண்ணு மாத்திடுச்சுன்னு வைங்க. ஏதாவது ஸ்க்ரிப்டா இருக்கலாம், ஏதாவது இன்ஸ்டாலரா இருக்கலாம், கைவச்ச ஆசாமியா இருக்கலாம். சர்வர்ல பாலிசி மாறலை, அதனால 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை வர்ற புதுப்பிப்பு அதைச் சரி பண்ணாது. நாள் கணக்கா, மாசக் கணக்கா தப்பாவே இருக்கும். நீங்க ஃபோர்ஸ் போட்ட உடனே சரியாயிடும். "பாத்தியா, ஃபோர்ஸ் போட்டேன், வேலை செய்யுது"ன்னு டிக்கெட்டை மூடிடுவீங்க. மாத்தின ஆசாமி அங்கேயேதான் இருக்கான். அடுத்த ரீஸ்டார்ட்ல மறுபடி மாத்துவான். அவன் என்ன மாத்தினான்ங்கிற ஒரே சாட்சியை நீங்களே அழிச்சுட்டீங்க.

கொலை நடந்த வீட்டை பினாயில் ஊத்திக் கழுவிட்டு, அப்புறம் மோப்ப நாயைக் கூப்பிடுற மாதிரி.

ஒரு ஆபீஸ்ல நான் நேர்ல பாத்தது இது. பேர் வேணாம். அக்கவுன்ட்ஸ் பிரிவுல கொஞ்சம் மெஷினுக்கு மட்டும் அப்டேட் நின்னு நின்னு போகும். டிக்கெட் போடுவாங்க, சப்போர்ட் தம்பி வருவான், ஃபோர்ஸ் போடுவான், சரியாகும். ரெண்டு நாள் கழிச்சுப் பழையபடி. இப்படியே மாசக் கணக்கா ஓடிச்சு. மேல இருந்து மெயில் என்ன வந்துச்சுன்னா, "சப்போர்ட் டீம் ஒரே பிரச்னையைத் திரும்பத் திரும்ப அரைகுறையா முடிக்குது." கடைசியில ஒரு நாள் அந்தத் தம்பி ஃபோர்ஸ் போடறதுக்கு முன்னாடி ரிஜிஸ்ட்ரியைத் திறந்து பாத்தான். நோஆட்டோஅப்டேட்ங்கிற மதிப்பு 1-னு இருந்துச்சு. பாலிசிப்படி அது 0-வா இருக்கணும். தேடினா, எப்பவோ போட்ட ஒரு பில்லிங் சாஃப்ட்வேர், மெஷின் ஸ்டார்ட் ஆகும்போது ஓடுற ஒரு ஸ்க்ரிப்டை விட்டுட்டுப் போயிருக்கு. "அப்டேட் வந்தா எங்க சாஃப்ட்வேர் நின்னுடும்"னு அவங்களா எடுத்த முடிவு. ஒரே ஒரு வரி. கண்டுபிடிக்க ஆனது பத்து நிமிஷம். கண்டுபிடிக்காம ஓட்டினது அத்தனை மாசம்.

அந்தத் தம்பிக்கு யாராவது பாராட்டு மெயில் போட்டாங்களான்னு கேக்காதீங்க.

சரி, திட்டுறது ஈஸி, என்னதான் செய்யணும்ங்கிறீங்களா? மூணு கை மாறுதுன்னு சொன்னேன்ல, மூணு கேள்வி. இதே வரிசையில கேக்கணும்.

முதல் கேள்வி: ஆணை வந்து சேந்துச்சா?

இதை மெஷின்கிட்டயே கேக்கலாம். ஜிபிரிசல்ட்னு ஒரு கட்டளை, எச்டிஎம்எல் ரிப்போர்ட்டாவே எடுத்துக் குடுக்கும். எந்தப் பாலிசி ஒட்டுச்சு, எது ஒட்டலை, ஏன் ஒட்டலைன்னு புட்டுப் புட்டு வைக்கும். ஒரே நிபந்தனை, அட்மின் உரிமையோட ஓட்டணும். சாதா யூசரா ஓட்டினா கம்ப்யூட்டர் பக்கப் பாலிசியைக் காட்டாது, யூசர் பக்கம் மட்டும்தான் வரும். அப்டேட் பாலிசி முழுக்கக் கிட்டத்தட்ட கம்ப்யூட்டர் பக்கம். இது தெரியாம "ரிப்போர்ட்ல அப்டேட் பாலிசியே இல்லையே"ன்னு அலையுறவங்க உண்டு.

பாலிசி வரலைன்னா பெரும்பாலும் காரணம் அல்பமா இருக்கும். புதுசா டொமைன்ல சேர்த்த மெஷின் தானா போய் உக்காருற இடம் கம்ப்யூட்டர்ஸ்ங்கிற ஒரு பொது இடம். பாக்க ஓயூ மாதிரியே இருக்கும், ஆனா ஓயூ இல்லை. அதுக்குன்னு தனியா எந்தப் பாலிசியும் மாட்ட முடியாது. உங்க அப்டேட் பாலிசி ஓயூல மாட்டியிருந்தா, இங்க உக்காந்திருக்குற மெஷினுக்கு ஆயிரம் ஃபோர்ஸ் போட்டாலும் வராது. கல்யாணப் பத்திரிகையை வேற தெருவுல குடுத்துட்டு, இந்தத் தெருக்காரர் வரலையேன்னு கோவிச்சுக்குற கதை.

அடுத்தது உரிமைப் பிரச்னை. 2016 ஜூன்ல எம்எஸ்16-072-ன்னு ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்துச்சு. அதுவரைக்கும் யூசர் பாலிசியை யூசரோட உரிமையில போய் எடுத்துக்கிட்டிருந்த விண்டோஸ், அதுக்கப்புறம் மெஷினோட உரிமையில எடுக்க ஆரம்பிச்சது. பாலிசியோட உரிமைப் பட்டியல்ல இருந்து "ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்"ங்கிறதை எடுத்துட்டு, குறிப்பிட்ட குரூப்பை மட்டும் போட்டு வச்சிருந்த இடத்துல எல்லாம் யூசர் பாலிசிகள் ராவோட ராவா காணாமப் போச்சு. ஏன்னா மெஷினுக்கு அதைப் படிக்க உரிமை இல்லை. ஆதென்டிகேட்டட் யூசர்ஸுக்கோ டொமைன் கம்ப்யூட்டர்ஸுக்கோ படிக்குற உரிமை குடுத்தாத்தான் தீரும். சொல்லுங்க, இதுல ஃபோர்ஸ் என்ன பண்ணும்? கதவு பூட்டியிருக்கு, நீங்க இன்னும் வேகமா நடந்து போய் முட்டிக்கிட்டு வர்றீங்க.

ரெண்டாவது கேள்வி: ஆணையும் ஏடும் ஒத்துப்போகுதா?

ரிப்போர்ட்ல பாலிசி இருக்கு. ரிஜிஸ்ட்ரியில என்ன இருக்கு? எச்கேஎல்எம், சாஃப்ட்வேர், பாலிசிஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ்அப்டேட். இவ்ளோதான் பாதை. அங்க டபிள்யூயூசர்வர்னு சர்வர் முகவரி இருக்கும். அதுக்கு உள்ள ஏயூ-ன்னு இன்னொரு கீ. அதுல யூஸ்டபிள்யூயூசர்வர்னு ஒரு மதிப்பு. அது 1-ஆ இல்லைன்னா, மேல எவ்ளோ அழகா சர்வர் முகவரி எழுதியிருந்தாலும் ஏஜென்ட் அதைக் கண்டுக்காது. முகவரியில 8530-ங்கிற போர்ட் நம்பரை விட்டுட்டு, நாள் முழுக்க நெட்வொர்க் டீமோட சண்டை போடுறதும் நடக்கும். 2012 சர்வர்ல இருந்து டபிள்யூசஸ் வழக்கமா நிக்குறது அந்த 8530-லதான், எச்டிடிபிஎஸ்னா 8531.

ரிப்போர்ட்டுல ஒரு பேச்சு, ரிஜிஸ்ட்ரியில வேற பேச்சுன்னா, மூணாவது ஆள் ஒருத்தர் உள்ள இருக்கார்னு அர்த்தம். அக்கவுன்ட்ஸ் கதை மாதிரி. இந்த இடத்துல கை பரபரன்னு இருக்கும், ஃபோர்ஸ் போடணும்னு. போடாதீங்க. முதல்ல எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க.

மூணாவது கேள்வி: ஏஜென்ட் படிச்சுச்சா, போச்சா, பதில் வந்துச்சா?

இதுக்கு லாக் இருக்கு. முன்னெல்லாம் விண்டோஸ்அப்டேட் லாக்னு சாதா டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேட்ல திறந்து படிக்கலாம். விண்டோஸ் 10-ல இருந்து அதை மாத்திட்டாங்க. இப்ப பவர்ஷெல்ல கெட்-விண்டோஸ்அப்டேட்லாக்னு ஓட்டினாத்தான் படிக்குற மாதிரி ஒரு ஃபைல் செஞ்சு குடுக்கும். இந்த மாற்றத்துக்காக மைக்ரோசாஃப்டையும் நாலு திட்டு திட்டணும். எரியுற வீட்டுல தண்ணிக் குழாயைப் பரண் மேல கொண்டு போய் வச்ச மாதிரி. ஆனா பரண் மேல இருந்தாலும் குழாய் குழாய்தான். ஏறி எடுக்கணும்.

அதை விட்டுட்டு இன்னும் "டபிள்யூயூஏயூசிஎல்டி டிடெக்ட்நவ்"னு டைப் அடிக்கிறாங்க. எக்ஸ்பி காலத்து மந்திரம். விண்டோஸ் 10 வந்தப்புறம் அந்தக் கட்டளைக்கு ஒரு வேலையும் கிடையாது. எரர்கூடக் காட்டாது, கம்முன்னு இருக்கும். நம்ம ஆளுங்க அந்த அமைதியைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டு "ஆங், ஓடிருச்சு"ன்னு போயிடுறாங்க.

லாக்ல 80244022-ன்னு முடியுற எரரைப் பாத்தா, அது எச்டிடிபி 503. சர்வர் பக்கம் கடை மூடியிருக்குன்னு அர்த்தம். பெரும்பாலும் டபிள்யூசஸ்பூல்ங்கிற ஐஐஎஸ் பூல் நின்னு போயிருக்கும். அதுக்கு வழக்கமா குடுத்து வச்சிருக்குற மெமரி அளவு 1,843,200 கேபி, கிட்டத்தட்ட 1.8 ஜிபி. ஆயிரக்கணக்குல மெஷின் வந்து கேட்டா அது எந்த மூலைக்கு? இப்ப யோசிச்சுப் பாருங்க. பிரச்னை சர்வர்ல. நம்ம ஆளுங்க ஒவ்வொரு மெஷின்லயும் போய் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரை அழிக்கிறாங்க. அந்த ஃபோல்டர்லதான் இதுவரைக்கும் கேட்டு வாங்கின விவரம் எல்லாம் இருக்கு. அழிச்சா மெஷின் முதல்ல இருந்து எல்லாத்தையும் கேக்கும். ஏற்கெனவே மூச்சு வாங்குற சர்வர் மேல இன்னும் பாரம். நோயாளி நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கிட்டு நாடி பாக்குற வைத்தியம்!

மூணு கேள்விதான். முப்பது ஸ்க்ரிப்ட் வேணாம்.

இதுக்கு வர்ற மறுப்புகளும் எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணா வர்றேன்.

"தம்பி, நீ கோடு எழுதுறவன். எங்களுக்கு ஒரு நாளைக்கு நாப்பது டிக்கெட். ஒவ்வொண்ணுக்கும் ரிப்போர்ட் எடுத்து லாக் படிச்சுக்கிட்டிருந்தா எஸ்எல்ஏ என்னாகுறது?"

நியாயமான கேள்வி. ஆனா அந்த நாப்பதுல எத்தனை போன மாசமும் வந்ததுன்னு எண்ணிப் பாருங்க. நான் எழுதுற கோடுல ஒரு பிழை வந்தா, "ரீஸ்டார்ட் பண்ணினேன், இப்ப வரலை"ன்னு மூட என்னை விடுவாங்களா? ஏன் வந்துச்சுன்னு கேப்பாங்க. ஸ்டாக் ட்ரேஸ் எங்கன்னு கேப்பாங்க. அதே கம்பெனி, பக்கத்து ஃப்ளோர்ல, அதே மாதிரி ஒரு பிழைக்கு "எவ்ளோ சீக்கிரம் மூடின?"ன்னு மட்டும்தான் கேக்குது. டிக்கெட் மூடுற வேகத்தை அளந்தா டிக்கெட் மூடுறதுதான் நடக்கும். தப்பு சப்போர்ட் ஆள் மேல இல்லை, அளவுகோல் மேல.

"அப்டேட்டே வேணாம்யா. வந்தாத்தான் தொல்லை. ஆஃப் பண்ணி வை."

இந்தக் கோஷ்டிக்கு 2024 ஜூலை 19-க்கு அப்புறம் குரல் ஏறிப்போச்சு. க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு பிழையான ஃபைலால, மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டுப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத் திரையோட படுத்துச்சு. விமானம் நின்னுச்சு, ஆஸ்பத்திரி தடுமாறிச்சு. "பாத்தியா, அப்டேட்!"னாங்க. சரியாப் பாத்தா அது விண்டோஸ் அப்டேட்டே இல்லை. அதைவிட முக்கியம், அது எல்லாருக்கும் ஒரே நேரத்துல போச்சு. இருபது மெஷினுக்கு முதல்ல குடுத்துப் பாத்து, ரெண்டு நாள் கழிச்சு மத்தவங்களுக்குங்கிற வசதி அந்த வகை ஃபைலுக்கு அப்ப வாடிக்கையாளர் கையில இல்லை. டபிள்யூசஸ்லயும் குரூப் பாலிசியிலயும் அந்த வசதி உங்க கையில இருக்கு. இருக்குற வசதியைப் பயன்படுத்தாம மொத்தமா ஆஃப் பண்றது, சோத்துல கல்லு இருந்துச்சுன்னு சோறே வேணாம்னு சொல்றது.

"டபிள்யூசஸ் செத்துப்போச்சு. எல்லாம் க்ளவுட்டுக்குப் போயாச்சு. இன்னும் குரூப் பாலிசியைப் பத்திப் பேசுறியே?"

2024 செப்டம்பர்ல மைக்ரோசாஃப்ட் சொன்னது, டபிள்யூசஸுக்கு இனிப் புது வசதி எதுவும் சேர்க்க மாட்டோம்னு. எடுத்துடுவோம்னு இல்லை. சர்வர் 2025-லயும் அது இருக்கு. 2025 அக்டோபர்ல சிவிஇ-2025-59287-ன்னு அதுலயே ஒரு பெரிய ஓட்டை தெரிஞ்சு, அந்த மாச வழக்கமான பேட்ச் பத்தாம, 23-ஆம் தேதி அவசரமா இன்னொரு பேட்ச் விட்டாங்க. ஊருக்கெல்லாம் மருந்து குடுக்குற சர்வருக்கே மருந்து தேவைப்பட்ட கதை. அந்தச் சர்வரைப் பேட்ச் பண்ணியாச்சான்னு உங்க ஆபீஸ்ல யாராவது பாத்தாங்களா? ஆணை போட்டிருப்பாங்க. பாத்தாங்களா?

அப்புறம், க்ளவுட்டுக்குப் போனா சிக்கல் குறையும்னு யார் சொன்னது? ரெண்டு எஜமான் ஆனா சிக்கல் கூடத்தான் செய்யும். விண்டோஸ் 10-ஓட 1607 பதிப்புல நடந்ததை ஞாபகம் வச்சுக்கங்க. டபிள்யூசஸ் முகவரியும் குடுத்து, "பெரிய அப்டேட்டை இத்தனை நாள் தள்ளிப்போடு"ங்கிற பாலிசியையும் போட்டா, மெஷின் டபிள்யூசஸைத் தாண்டி நேரா மைக்ரோசாஃப்டுகிட்டயும் போய்க் கேக்க ஆரம்பிச்சது. டூயல் ஸ்கேன்னு பேர். தள்ளிப்போடத்தான் பாலிசி போட்டாங்க, நடந்தது நேர்மாறா, அட்மின் ஒப்புதலே குடுக்காத அப்டேட் மெஷின்ல வந்து இறங்கிச்சு. 2017-ல அதைத் தடுக்கத் தனியா ஒரு பாலிசி விட்டாங்க. விண்டோஸ் 11-ல அந்தப் பாலிசிக்கும் மதிப்பில்லை, எந்த வகை அப்டேட்டை எங்க இருந்து எடுக்கணும்னு சொல்ற வேற பாலிசி வந்துடுச்சு. இதெல்லாம் மேல மேல போட்ட சுண்ணாம்பு மாதிரி ஒரே டொமைன்ல படிஞ்சு கிடக்கும். போட்டவர் வேலையை விட்டுப் போயிருப்பார். எதுக்குப் போட்டார்னு எங்கயும் எழுதியிருக்காது. எடுக்க யாருக்கும் தைரியம் இருக்காது.

இதெல்லாம் வெறும் டெக்னிக்கல் சண்டைன்னு நினைக்குறவங்களுக்கு ஒரு சம்பவம்.

2017 மார்ச் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் எம்எஸ்17-010-ன்னு ஒரு பேட்ச் விட்டுச்சு. மே 12-ஆம் தேதி அதே ஓட்டை வழியா வான்னாக்ரை உள்ள புகுந்துச்சு. நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு மாசம். இங்கிலாந்தோட அரசு மருத்துவ அமைப்பான என்எச்எஸ்ல மூணுல ஒரு பங்குக்கு மேல டிரஸ்டுகள் பாதிக்கப்பட்டுச்சு. 6,912 அப்பாயின்ட்மென்ட் ரத்தானது கணக்குல வந்துச்சு, மொத்தம் 19,000-க்கு மேல இருக்கும்னு மதிப்பீடு. சில ஊர்கள்ல அவசர சிகிச்சைக்கு வந்தவங்க இன்னும் தூரமா இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்துச்சு.

அந்த வருஷம் அக்டோபர்ல அந்த நாட்டுத் தணிக்கை அமைப்பான நேஷனல் ஆடிட் ஆபீஸ் ஒரு அறிக்கை விட்டுச்சு. அதுல ரெண்டு விஷயம் என் மண்டையிலயே நிக்குது. ஒண்ணு, மார்ச்லயும் ஏப்ரல்லயும் "பேட்ச் பண்ணுங்க"ன்னு டிரஸ்டுகளுக்கு எச்சரிக்கை போயிருக்கு. ரெண்டு, அந்த அறிவுரையை யார் கேட்டாங்க, யார் கேக்கலைன்னு பாக்க மேல இருந்த துறைகிட்ட முறையான ஏற்பாடு எதுவும் இல்லை. பாதிக்கப்பட்டதுல பெரும்பாலானது பேட்ச் கிடைக்காத எக்ஸ்பி இல்லை, பேட்ச் தயாரா இருந்த விண்டோஸ் 7.

அங்க குரூப் பாலிசிதான் கெட்டுப்போச்சுன்னு நான் சொல்ல வரலை. நோய் ஒண்ணுதான்னு சொல்றேன். மருந்து இருந்துச்சு. ஆணை இருந்துச்சு. வந்து சேந்துச்சான்னு கேக்க ஆள் இல்லை. அந்த ஒரு கேள்விக்கான விலையைக் குடுத்தது சர்வர் ரூம்ல இருந்தவங்க இல்லை, ஆஸ்பத்திரி வாசல்ல காத்துக்கிட்டிருந்தவங்க.

நம்ம பக்கத்துலயும் ஆஸ்பத்திரி இருக்கு, பேங்க் இருக்கு, மின்வாரியம் இருக்கு. விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சாச்சு. அது இன்னும் எத்தனை மேஜை மேல ஓடிக்கிட்டிருக்குன்னு, அந்தந்த ஆபீஸ்ல ஒரு ஆளாவது விரல் விட்டு எண்ணிச் சொல்ல முடியுமா?

புலம்பி முடிச்சாச்சு, கேக்குறதைக் கேட்டுடுறேன். பெருசா ஒண்ணும் இல்லை. காசு செலவும் இல்லை.

ஒண்ணு. ஃபோர்ஸ் போடறதுக்கு முன்னாடி ஜிபிரிசல்ட் ரிப்போர்ட்டும், விண்டோஸ்அப்டேட் ரிஜிஸ்ட்ரி எக்ஸ்போர்ட்டும் டிக்கெட்ல சேர்த்தே ஆகணும். ரெண்டு நிமிஷ வேலை. அது இல்லாத டிக்கெட்டை மூட விடாதீங்க. அப்புறம் தாராளமா ஃபோர்ஸ் போடுங்க, நான் அதுக்கு எதிரி இல்லை.

ரெண்டு. டெஸ்க்டாப் சப்போர்ட்ல இருக்குற பசங்களுக்குப் பாலிசியைப் படிக்குற உரிமையாவது குடுங்க. மாத்துற உரிமை வேணாம், படிக்க மட்டும். என்ன ஆணை போட்டிருக்குன்னே தெரியாதவன் அது ஏன் நடக்கலைன்னு எப்படிய்யா கண்டுபிடிப்பான்? கண்ணைக் கட்டி விட்டுட்டு முட்டிக்கிட்டான்னு அடிக்கிறது எந்த ஊர் நியாயம்?

மூணு. ஒவ்வொரு பாலிசிக்கும் கமென்ட்னு ஒரு பெட்டி இருக்கு. யார் போட்டது, எந்தத் தேதி, எதுக்கு, எப்ப எடுக்கலாம். நாலு வரி. அதை நிரப்பாத பாலிசியை உள்ள விடாதீங்க.

நாலு. "பாலிசி போட்டாச்சு"ங்கிறதை வேலை முடிஞ்ச செய்தியா ஏத்துக்காதீங்க. மொத்த மெஷின் எத்தனை, இந்த வாரம் சர்வருக்கு வந்து தலைகாட்டினது எத்தனை, இந்த மாசப் பேட்ச் ஏறினது எத்தனை. இந்த மூணு நம்பர்தான் செய்தி. இதுல ஒரு எச்சரிக்கை: ஒரே இமேஜை சிஸ்ப்ரெப் பண்ணாம காப்பி அடிச்சு நூறு மெஷின் செஞ்சிருந்தா, எல்லாத்துக்கும் அப்டேட் அடையாள எண் ஒண்ணாவே இருக்கும். டபிள்யூசஸ் பட்டியல்ல அந்த நூறும் ஒரே இடத்துக்கு அடிச்சுக்கும், ஒண்ணு வந்தா இன்னொண்ணு மறையும். அதனால சர்வர் பட்டியலை மட்டும் நம்பாம, ஆக்டிவ் டைரக்டரியில இருக்குற எண்ணிக்கையோட ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம்தான் உங்க ஆபத்து. பேட்ச் ஏறாத மெஷின் லிஸ்ட்ல சிவப்பாவாவது தெரியும். லிஸ்ட்லயே இல்லாத மெஷினை எந்த ரிப்போர்ட்டும் காட்டாது.

மேனேஜர் பெருமக்களே, அடுத்த தடவை சப்போர்ட் தம்பிக்கு மெமோ டைப் அடிக்கறதுக்கு முன்னாடி, அவன் மேஜைக்குப் போய் "ரிப்போர்ட்ல என்னப்பா சொல்லுது?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவன்கிட்ட பதில் இருந்தா, உக்காந்து கேளுங்க. இல்லைன்னா, அந்த ரிப்போர்ட்டைப் பாக்குற உரிமையை நீங்க அவனுக்குக் குடுத்தீங்களான்னு உங்களையே கேளுங்க.

டிஸ்கி: திருநீறு பூசுறவங்க யார் மனசும் புண்படுறதுக்காக எழுதலை. நானும் பரீட்சைக்குப் பூசிக்கிட்டுப் போனவன்தான். ஆனா படிச்சுட்டும் போனேன் :)